யூபிஇ2டி3 உருகிப்போய் வந்தது, ஜெல்லில் ஒரு மாற்றமும் இல்லை. என்சைம் செத்துவிட்டதா?

கணவாய்மை எழுதியது:

எங்கள் லேபில் இதைக் கேட்க ஆள் இல்லாததால் இங்கே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் தொண்டிப் பக்கம், பிஎச்டி இரண்டாம் வருடம். கைடு கடற்பாசிக்காரர். காய்ந்த பாசியில் ஒரு துண்டு கிள்ளி முகர்ந்தே எந்தக் கரையில் ஒதுங்கியது என்று சொல்லிவிடுவார், ஆனால் புரத வேலை அவருக்கும் புதிது, எனக்கும் புதிது.

கட்டக்கோரை, அதாவது சர்காசம் என்ற பழுப்புப் பாசியின் சாறு, யுபிக்விட்டின் என்ற குட்டிப் புரதம் அதைச் சுமக்கும் இ2 என்சைம் மேல் ஏறுவதைத் தடுக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. அதற்காக இ2 வகையில் ஒன்றான மனித யூபிஇ2டி3, ரீகாம்பினன்ட், 100 மைக்ரோகிராம் வாங்கினோம். கூடவே யுபிக்விட்டினை இ2வுக்கு எடுத்துக் கொடுக்கும் இ1 என்சைம், யுபிக்விட்டின். மூன்றும் ஒரே பெட்டியில். பெங்களூரில் வியாழக்கிழமை சாயங்காலம் ஏற்றினார்கள், வெள்ளிக்கிழமை மதுரை. அங்கே என்ன நடந்ததோ, சனிக்கிழமை மதியம்தான் ராமநாதபுரத்திலிருந்து போன் வந்தது. தொண்டிக்குத் திங்கட்கிழமைதான் வண்டி, அவசரமென்றால் நீங்களே வந்து எடுத்துக்கொள்ளுங்கள் மேடம் என்றார்கள். பஸ் பிடித்துப் போய் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். தேவிபட்டினம் தாண்டும்போது பெட்டியை லேசாகக் குலுக்கிப் பார்த்தேன். உலர்பனி உருளும் சத்தமே இல்லை, அப்போதே வயிறு கலங்கிவிட்டது.

லேப் பூட்டியிருந்ததால் வீட்டில்தான் திறந்தேன். உலர்பனி ஒரு கட்டிகூட மிச்சமில்லை. குழாய்கள் தொட்டால் சில்லென்று இருந்தன, ஆனால் உள்ளே இருந்தது உறையாமல் தண்ணீராக ஓடியது. அப்பா நண்டு வலைக்குப் போகிறவர். பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "முக்காப் பெட்டி காத்தால்ல கெடக்கு, காத்துக்கு ஐஸ் வச்சா எத்தன நாளைக்குத் தாங்கும்" என்றார். அவர் சொன்னது சரிதான். அடியில் ஒரு சின்ன டப்பா, மேலே ஒரு கசங்கின தாள், மற்றதெல்லாம் வெறுமை. வேறு வழியில்லாமல் வீட்டு ஃப்ரிட்ஜில் மீன் வைக்கும் மேல்தட்டு ஃப்ரீசரில் இரண்டு ராத்திரி வைத்திருந்து, திங்கட்கிழமை காலையில் லேப் மைனஸ் 80க்கு மாற்றினேன். திட்டாதீர்கள்.

அப்புறம் ரியாக்‌ஷன். 20 மைக்ரோலிட்டர். இ1 0.1 மைக்ரோமோலார், இ2 1 மைக்ரோமோலார், யுபிக்விட்டின் 50 மைக்ரோமோலார், மெக்னீசியமும் ஆற்றல் தரும் ஏடிபியும் 5 மில்லிமோலார், பிஎச் 7.5, 37 டிகிரியில் 10 நிமிடம். பிறகு வழக்கமான லோடிங் பஃபர் போட்டு 95 டிகிரியில் 5 நிமிடம் வைத்து, புரதங்களை எடை வாரியாகப் பிரிக்கும் 15 சதவீத ஜெல்லில் ஓட்டி, கூமாசி என்ற நீலச் சாயம். 17 கிலோடால்டனில் இ2 பளிச்சென்று இருக்கிறது. சுமார் 9 கிலோடால்டன் யுபிக்விட்டின் ஏறினால் 26 பக்கம் வர வேண்டும் அல்லவா, அது வரவே இல்லை. ஏடிபி போட்ட லேனும் போடாத லேனும் அச்சடித்த மாதிரி ஒன்றாக இருக்கின்றன. மூன்று முறை செய்துவிட்டேன், மூன்றாவது முறை ஏடிபியை இரண்டு மடங்காக்கினேன், ஊஹும்.

விற்றவர்களிடம் கேட்டால், பெட்டியைத் திறந்தபோது எடுத்த படம் இருந்தால் பார்க்கலாம் என்கிறார்கள். படம் எடுக்கத் தோன்றவில்லை. இது செத்துவிட்டதா, இல்லை வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா? இன்னொரு தலைவலியும் இருக்கிறது. பில்லில் 'மனித' என்ற சொல் இருப்பதால் ஆபீஸில் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதம் கொண்டுவா என்று பில்லை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எந்த மனிதரிடம் எடுத்தது, அவர் சம்மதித்தாரா என்று ஒருவர் நிஜமாகவே கேட்டார்.


பாம்பன்காத்து எழுதியது:

செத்ததுதான், சந்தேகமே வேண்டாம். உலர்பனி மைனஸ் 78.5 டிகிரி, அது இல்லாமல் சித்திரை வெயிலில் மதுரைக் கிடங்கில் ஒரு நாள் கிடந்திருந்தால் எந்த என்சைம் தாங்கும்? மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் கேள், கைடையும் கையெழுத்துப் போடச் சொல். நாங்கள் இரண்டு வருடம் முன்பு இதே கதையில் ஒரு ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைமுக்காக நாற்பது மெயில் போட்டோம், கடைசியில் புதிதாக அனுப்பினார்கள். இங்கேயிருந்து கேரளாவுக்குப் போகிற மீன் கெடாமல் போய்ச் சேருகிறது, அங்கேயிருந்து நமக்கு வருகிறது மட்டும் வெந்து வருகிறது. இனிமேல் பெட்டியைத் திறக்கும்போது வீடியோ எடு, அதுதான் பாடம்.


பதினேழு எழுதியது:

சண்டை போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி தங்கச்சி. அந்த 'வழக்கமான லோடிங் பஃபரில்' மெர்காப்டோஎத்தனால் இருக்கிறதா? இருக்கும், எல்லா லேபிலும் இருக்கும், மூடியைத் திறந்தாலே அழுகின முட்டை நாற்றம் அடிக்குமே அதுதான். உன் 26ஐத் தின்றது மதுரை வெயில் இல்லை, அந்தப் பஃபர்தான் என்று நினைக்கிறேன்.

யுபிக்விட்டின் 76 அமினோ அமிலம் உள்ள குட்டிப் புரதம், அதன் வால் நுனியில் கிளைசின். இ1 ஏடிபியைச் செலவழித்து அந்த வாலைத் தன் சிஸ்டீன் என்ற கந்தக அமினோ அமிலத்தில் மாட்டிக்கொள்கிறது, பிறகு இ2வின் சிஸ்டீனுக்குக் கை மாற்றிவிடுகிறது. யூபிஇ2டி3யில் அது 85ஆவது இடத்துச் சிஸ்டீன். அங்கே விழுவது தயோஎஸ்டர் பிணைப்பு. இது உங்கள் அப்பா வலைக்கு ஈயம் கட்டுகிற முடிச்சு மாதிரி இறுக்கமானது இல்லை, உருவாஞ்சுருக்கு. இ3 என்ற அடுத்த என்சைமோடு சேர்ந்து வேறொரு புரதத்தின் லைசினுக்கு யுபிக்விட்டினைத் தள்ளிவிட வேண்டியதுதான் இ2வின் வேலையே, அதனால் இழுத்தால் அவிழும்படியாகத்தான் அந்தச் சுருக்கு விழுகிறது. மெர்காப்டோஎத்தனாலிலும் அதே வேலைக்குப் போடும் டிடிடியிலும் இருப்பதும் சிஸ்டீனில் உள்ள அதே கந்தகத் தொகுதியான தயோல்தான். இ2வின் சிஸ்டீன் யுபிக்விட்டினைப் பிடித்துக்கொண்டிருக்கும் இடத்தில் இவை கூட்டமாகப் போய் அதைப் பறித்துக்கொள்கின்றன. அதன் மேல் 95 டிகிரி வேறு. ரியாக்‌ஷன் அருமையாக நடந்திருந்தாலும் ஜெல்லில் 17 மட்டும்தான் தெரியும்.

செய்ய வேண்டியது சுலபம். அதே ரியாக்‌ஷனை இரண்டாகப் பிரி. ஒரு பாதிக்குத் தயோல் எதுவும் இல்லாத லோடிங் பஃபர், சூடு காட்டவே வேண்டாம், அறை வெப்பத்திலேயே லோட் செய். மறு பாதிக்கு உன் பழைய நாற்றப் பஃபர், கொதிக்கவை. முதல் லேனில் 26 வந்து, இரண்டாவது லேனில் அது 17க்கு இறங்கிவிட்டால், உன் இ1, இ2, யுபிக்விட்டின், ஏடிபி நான்கும் நலம் என்று அர்த்தம். இரண்டு லேனுக்கும் நடுவில் ஒன்றிரண்டு லேனைக் காலியாக விடு. மெர்காப்டோஎத்தனால் பக்கத்து லேனுக்குக் கசிந்து அங்கேயும் வேலையைக் காட்டும், நான் அதில் ஒரு வாரம் இழந்திருக்கிறேன். ஜெல்லை நான்கு டிகிரியில் சீக்கிரமாக ஓட்டு. நம் சாதாரண டிரிஸ் கிளைசின் ஜெல்லின் காரத்தன்மையில் தயோஎஸ்டர் தானாகவும் கொஞ்சம் கரையும், ராத்திரி முழுக்க மெதுவாக ஓடவிட்டுத் தூங்கப் போகாதே.

இன்னொன்று. யூபிஇ2டி குடும்பம் நேரம் அதிகமானால் தன் லைசின் மேலேயே யுபிக்விட்டினை ஒட்டிக்கொள்ளும் பழக்கம் உள்ளது. அந்தப் பேண்டு, அதாவது ஜெல்லில் தெரியும் கோடு, தயோல் போட்டாலும் போகாது. அதனால்தான் 10 நிமிடத்தோடு நிறுத்து, இரண்டு பஃபரிலும் ஓட்டிப் பார் என்கிறேன். எந்தப் பேண்டு தயோலில் மறைகிறதோ அதுதான் நீ தேடுகிறது. 34 பக்கம் ஒரு பேண்டு வந்தால் பயப்படாதே, இரண்டு இ2 சிஸ்டீனோடு சிஸ்டீன் கோத்துக்கொண்டு நிற்கிறது, காற்றுப்பட்டதன் அடையாளம். யுபிக்விட்டினில் சிஸ்டீனே கிடையாது, அதனால் அது குற்றவாளி இல்லை.

பாம்பன்காத்து, நீங்கள் சொன்ன வெயில் விஷயம். இந்த மூன்றில் யுபிக்விட்டினைக் கொதிக்கவைத்தாலும் பிழைக்கும். 1970களின் கடைசியில் இஸ்ரேலின் ஹைஃபாவில் அதன் வேலையைப் பிடித்ததே, சாற்றைச் சூடாக்கினால் மற்றப் புரதமெல்லாம் திரிந்து விழ இது மட்டும் கரைந்தே நின்றதை வைத்துத்தான். அந்த வேலைக்கு 2004இல் சியகனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் வேதியியல் நோபல் கொடுத்தார்கள். இ2 சின்னது, 147 அமினோ அமிலம், ஒரே உருண்டையாகச் சுருண்டது, குளிரில் ஒரு நாள் திரவமாக இருந்ததற்காகச் சாகிற ஜாதி இல்லை. இ1தான் செல்லப்பிள்ளை, 118 கிலோடால்டன், பல துண்டுகள் சேர்ந்து மடிந்தது. செத்திருந்தால் அதுதான் முதலில் செத்திருக்கும். ஆகவே இ2வுக்காகச் சண்டை போடுவதில் பிரயோஜனம் இல்லை.

ஆபீஸ்காரருக்கு: இது எந்த மனிதரிடமிருந்தும் எடுத்தது இல்லை. மனித மரபணுவின் வரிசையை ஈகோலி பாக்டீரியாவுக்குள் வைத்து, அது தயாரித்த புரதத்தைப் பிரித்தெடுத்தது. ஈகோலியில் யுபிக்விட்டின் ஏற்பாடே கிடையாது, அதனால்தான் இந்த வேலைக்கு அது தோது, நம் புரதத்தில் ஏற்கெனவே யுபிக்விட்டின் ஒட்டிக்கொண்டு வராது. தயாரிப்புத் தாளில் 'மூலம்: ஈகோலி' என்று ஒரு வரி இருக்கும், அதற்கு அடிக்கோடிட்டுக் கொடு, பக்கத்தில் 'ஆய்வுக்கு மட்டும்' என்பதற்கும் ஒரு கோடு.


கணவாய்மை எழுதியது:

அக்கா!!! பஃபர் பாட்டிலில் பேனாவால் எழுதியே இருக்கிறது, '+பிஎம்இ' என்று, மெர்காப்டோஎத்தனால்தான். மூன்று முறையும் அதைத்தான் ஊற்றினேன். தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது. வீட்டு ஃப்ரீசரில் வைத்தது பரவாயில்லையா?


உப்புக்காற்று எழுதியது:

அந்த இரண்டு ராத்திரிதான் எனக்கு உறுத்துகிறது, கூரியர்கூட இல்லை. வீட்டு ஃப்ரிட்ஜ் மைனஸ் 15, 18 என்று ஆடும், தானாகப் பனி உருக்குகிற வகையாக இருந்தால் இன்னும் மோசம், உருகும், உறையும், மறுபடி உருகும். இந்த மாதிரி 10 சதவீதக் கிளிசரால் உள்ள என்சைமுக்கு அது அரைகுறையாக உறைகிற வேதனை. சும்மா ஐஸில் நான்கு டிகிரியில் வைத்திருந்தால் நன்றாகவே இருந்திருக்கும். அடுத்த முறை நேராக ஐஸ் கம்பெனிக்குப் போய் அரைத்த ஐஸ் ஒரு கூடை வாங்கு, அதற்குள் குழாயைப் புதைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கு. உறையவைத்தே ஆக வேண்டும் என்றால் மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு, மைனஸ் 20ஐத் தொடும். நம் ஊரில் ஐஸுக்கும் உப்புக்கும் பஞ்சமா, வாலிநோக்கத்தில் மலைமலையாகக் குவித்து வைத்திருக்கிறார்கள்.

நான் மண்டபம் பக்கம் ஒரு லேபில் இருபது வருடமாகக் கருவிகளைப் பார்த்துக்கொள்கிறேன், படித்தவன் இல்லை, கெட்டதைப் பார்த்தவன். இந்தக் கரையில் என்சைமுக்கு எமன் இரண்டு பேர். ஒன்று கரண்ட். இன்னொன்று உப்புக்காற்று, ஆமாம் என் பெயர்தான். மைனஸ் 80 பெட்டியின் பின்பக்கம் கன்டென்சர் என்று ஒரு கம்பி வரிசை இருக்கும், அதைத் திறந்து கையை வைத்துப் பார், வெள்ளையாகப் பொடி ஒட்டும். அது தூசி இல்லை, உப்பு. ஈரம் இழுக்கும், அலுமினியத் தகடு மாவாக உதிரும், சூடு வெளியே போகாது, கம்ப்ரஸர் மூச்சு வாங்கும், ஒரு நாள் ராத்திரி மைனஸ் 80 மைனஸ் 40 ஆகிவிடும், டிஸ்ப்ளேயில் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். எங்கள் பெட்டி ஒருமுறை அப்படிப் படுத்தபோது உள்ளே இருந்ததை எல்லாம் ஐஸ் பெட்டியில் மாற்றிக்கொண்டு ஓடினோம். மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அந்தக் கம்பியைத் துடை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு. பெட்டியைக் கடல் பக்கத்து ஜன்னலுக்கு எதிரே வைக்காதே.

என்சைமை முதல் நாளே பங்கு பிரித்துவிடு. கணக்குப் பார்: 17 கிலோடால்டன் இ2, உன் ரியாக்‌ஷன் 20 மைக்ரோலிட்டரில் 1 மைக்ரோமோலார் என்றால் ஒன்றுக்கு 0.34 மைக்ரோகிராம்தான் செலவு. 100 மைக்ரோகிராம் கிட்டத்தட்ட 290 ரியாக்‌ஷனுக்கு வரும். ஒரே குழாயை 290 தடவை உருக்கி உறையவைத்தால் பெங்களூர்க்காரனைக் குறை சொல்லிப் பயனில்லை. ஐந்தைந்து மைக்ரோலிட்டராகச் சின்னக் குழாயில் போட்டு, எடுத்ததை மறுபடி வைக்காதே. கரண்டை நம்பவே முடியாது என்றால் ஒரு பங்கை மட்டும் 50 சதவீதக் கிளிசராலுக்கு மாற்றி மைனஸ் 20இல் வை, உறையாமலேயே கிடக்கும். கிளிசரால் கெட்டி, பிப்பெட் முனையில் ஒட்டிக்கொண்டு அளவைக் குறைக்கும், மெதுவாக இழு.


பாம்பன்காத்து எழுதியது:

சரி சரி, பஃபரில் நான் கோட்டை விட்டேன். ஆனாலும் இ1 செத்திருந்தால் யார் பொறுப்பு, அதைச் சொல்லுங்கள். பணத்தை விடச் சொல்வது எளிது.

அப்புறம் ஒன்று, இ2வை இனிமேல் வாங்கவே வாங்காதே. அதன் மரபணு உள்ள டிஎன்ஏ வளையம், அதாவது பிளாஸ்மிட், ஆட்ஜீன் மாதிரிப் பொதுக் களஞ்சியத்தில் கிடைக்கும், பிஎல்21 என்ற ஈகோலி செல்லில் ஏற்றி, 18 டிகிரியில் புரதம் தயாரிக்கத் தூண்டும் ஐபிடிஜி கொடுத்து ஒரு ராத்திரி வளர்த்து, புரதத்தின் நுனியில் ஹிஸ் டேக் என்ற பிடி இருந்தால் நிக்கல் நிரப்பிய பிரிப்புக் குழாயில் பிடித்தால் மில்லிகிராம் கணக்கில் வரும். நீ 100 மைக்ரோகிராமுக்கு அழுகிறாய். பிளாஸ்மிட் தாளில் காய்ந்தே வரலாம், அதற்கு உலர்பனியும் வேண்டாம், மதுரையும் வேண்டாம்.


பதினேழு எழுதியது:

இதை ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஒரு எச்சரிக்கை: டேக் எந்த நுனியில் என்று பார்த்து எடு. இ2வின் முன்நுனிச் சுருள்தான் இ1 வந்து உட்காரும் இடம், இ3யும் அந்தப் பக்கம்தான் தொடும். அங்கே ஹிஸ் டேக் தொங்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடும், ஆனால் வேகத்தை அளக்கிற வேலை என்றால் டேக்கை வெட்டிவிட்டுச் செய். இ1ஐ மட்டும் வாங்கிக்கொள், பெரிய புரதம், முதல் தடவையிலேயே அதைச் செய்யப் போய் மாட்டிக்கொள்ளாதே.


கணவாய்மை எழுதியது:

வந்துவிட்டது!! நேற்று சாயங்காலம். தயோல் இல்லாத பஃபரில் 26 கிலோடால்டனில் பேண்டு, ஏடிபி இல்லாத லேனில் இல்லை, நாற்றப் பஃபர் லேனில் இல்லை. ஆனால் இ2வில் பாதிதான் ஏறியிருக்கிறது, 17 இன்னும் மிச்சம். 34இலும் மங்கலாக ஒன்று. இ1 இளைத்துவிட்டதோ என்று அதை இரண்டு மடங்காக்கினேன், முக்கால்வாசி ஏறியது. பாம்பன்காத்து அண்ணே, உங்கள் கேள்விக்குப் பதில், இ1க்குத்தான் அடிபட்டிருக்கிறது, சாகவில்லை.

உற்சாகத்தில் அதே ராத்திரி கட்டக்கோரைச் சாற்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன். மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம். 26 சுத்தமாகக் காணோம்! கைடு சந்தோஷத்தில் டீ வாங்கிக்கொடுத்தார், பேப்பர் எழுதிவிடலாம் என்கிறார்.


பதினேழு எழுதியது:

டீயைக் குடி, பேப்பரை எழுதாதே. அந்த லேனில் 17 எப்படி இருக்கிறது? 26 மறைந்தால் அதற்குச் சமமாக 17 தடித்திருக்க வேண்டும். ஜெல் கிணற்றின் உதட்டில், மேலே, நீலமாக ஏதாவது தேங்கி நிற்கிறதா?


கணவாய்மை எழுதியது:

17உம் மங்கித்தான் இருக்கிறது. கிணற்றில் நீலக் கறை இருக்கிறது, நான் அழுக்கு என்று நினைத்தேன். ஏன் அக்கா?


பதினேழு எழுதியது:

பழுப்புப் பாசியில் ஃபுளோரோடானின் நிறைய இருக்கிறது. டானின் புரதத்தைத் தடுக்காது, பிடித்துச் சுருட்டிவிடும், தோல் பதனிடுகிற மாதிரி. உன் இ2வும் இ1உம் கட்டிப்பிடித்துக் கிணற்றிலேயே உட்கார்ந்துவிட்டன, ஜெல்லுக்குள் இறங்கவே இல்லை. இ2வுக்குப் பதில் எந்தப் புரதத்தைப் போட்டிருந்தாலும் இதே கதைதான் நடந்திருக்கும். கட்டக்கோரை எங்கே எடுத்தது? மணலில் காயப்போட்டதா?


கணவாய்மை எழுதியது:

ஏர்வாடிப் பக்கம் பாசி எடுக்கிற அக்காக்கள் கரையில் காயப்போட்டிருந்ததில் வாங்கியது. மூன்று நாள் வெயில்.


பதினேழு எழுதியது:

அப்படியானால் பாலிஃபீனால் காற்றில் கருத்து இன்னும் ஒட்டுகிற மாதிரி ஆகியிருக்கும். சாற்றை டானினைப் பிடித்துக்கொள்ளும் பிவிபிபி பொடியில் கலக்கிச் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடு, டானின் பொடியோடு அடியில் போய்விடும். ரியாக்‌ஷனில் 0.01 சதவீதம் டிரைட்டான் என்ற சோப்பு சேர், ஒரு லேனில் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் பிஎஸ்ஏ என்ற மாட்டு இரத்தப் புரதம் சேர். பிஎஸ்ஏ சேர்த்ததும் உன் 'தடுப்பு' மாயமாகிவிட்டால் அது டானின் விளையாட்டு. அதற்குப் பிறகும் மிச்சம் ஏதாவது நின்றால் என்னைக் கூப்பிடு, நான் டீ வாங்கித் தருகிறேன்.


கடற்பஞ்சு எழுதியது:

தாமதமாக வருகிறேன். சாற்றைக் கொஞ்சம் பிரித்த பிறகு யூபிஇ2டி3யோடு யூபிஇ2என் என்ற இன்னொரு இ2வையும் பாருங்கள். அது யூபிஇ2வி1 என்ற துணையோடு சேர்ந்தால் இ3 இல்லாமலேயே 63ஆவது லைசின் வழியாக யுபிக்விட்டினைச் சங்கிலியாகக் கோக்கும். அந்தப் பிணைப்பு தயோலுக்கு அசையாது, உங்கள் நாற்றப் பஃபரிலேயே கொதிக்கவைத்து ஓட்டலாம், ஏணி ஏணியாகத் தெரியும். கடல்வாசிகளில் தடுப்பு கிடைத்த நல்ல உதாரணமும் இந்த ஜோடிக்குத்தான் இருக்கிறது. 2008இல் லூசெட்டா என்ற கடற்பஞ்சிலிருந்து எடுத்த லூசெட்டமால் ஏ இந்த இரண்டும் சேருவதையே தடுக்கிறது என்று காட்டினார்கள், 2012இல் வேறொரு கடற்பஞ்சிலிருந்து மனாடோஸ்டெரால்கள், இவை இன்னும் கூர்மையானவை.

அதற்காகத் தீவுப் பக்கம் கடற்பஞ்சு எடுக்கப் போய்விடாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவும் தேசியப் பூங்கா, லூசெட்டா மாதிரிச் சுண்ணாம்புக் கடற்பஞ்சு எல்லாம் வனவுயிர்ச் சட்டப் பட்டியலில் இருப்பவை, வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு துண்டுகூட எடுக்க முடியாது. பூஞ்சை நல்லது. சிப்பியிலிருந்து பிரித்த ஒரு அஸ்பெர்ஜில்லஸ்தான் இ1ஐத் தடுக்கும் ஹிமெயிக் அமிலத்தைக் கொடுத்தது. பூஞ்சையைத் தட்டில் வளர்த்துக்கொள்ளலாம், கடலை மறுபடி தொந்தரவு செய்ய வேண்டாம்.


கணவாய்மை எழுதியது:

பிவிபிபி வந்து சேர ஒன்பது நாள் ஆனது, பொடி என்பதால் சாதாரணத் தபாலிலேயே வந்துவிட்டது. முடிவு: பொடியில் சுற்றிய சாற்றைப் போட்டால் 26 முழுசாகத் திரும்பி வந்துவிட்டது, சாறு போடாத லேனுக்கும் அதற்கும் என் கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. சுற்றாத சாற்றோடு பிஎஸ்ஏ சேர்த்த லேனிலும் முக்கால்வாசி திரும்பியது. ஆக, இத்தனை நாள் நான் பார்த்தது டானின்தான். கைடிடம் ஜெல்லைக் காட்டினேன், ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார், பிறகு கஞ்சிப் பாசி சிவப்புதானே, அதில் இந்தத் தொல்லை இருக்காதே என்று கேட்டார். நாளைக்கு அதை அரைக்கிறேன், இந்த முறை நிழலில் காயவைத்தது.

ராத்திரி அப்பாவிடம் இதைச் சொன்னேன், பாசியில் இருக்கிற ஒரு துவர்ப்பு புரதத்தைப் பிடித்துக் கெட்டியாக்கிவிடுகிறது என்று. அவர் சிரித்துவிட்டார். நைலான் வருவதற்கு முன்னால் தாத்தா பருத்தி வலையைப் பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறப்போட்டுக் காயவைப்பாராம், உப்புத் தண்ணீரில் மக்காமல் இருக்க. வலை கருத்து விறைத்துப் போகுமாம், கை பட்டால் நான்கு நாளைக்குத் துவர்ப்புக் கறை போகாதாம். "ஒங்க தாத்தா வலைக்குப் போட்டத நீ குழாய்க்குள்ள போட்டிருக்க" என்றார்.

பில் பாஸாகிவிட்டது, 'மூலம்: ஈகோலி' அடிக்கோடு வேலை செய்தது. ஆனால் இப்போது ஈகோலி என்றால் வயிற்றுப்போக்குக் கிருமிதானே, அதை எப்படி லேபுக்குள் வாங்கினீர்கள் என்று புதிதாக ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்கள்.


பாம்பன்காத்து எழுதியது:

அடுத்த தடவை பில்லில் 'புரதம்' என்று மட்டும் போடச் சொல். அந்தத் தெர்மகோல் பெட்டியை என்ன செய்தாய்?


கணவாய்மை எழுதியது:

அப்பா எடுத்துக்கொண்டு போய்விட்டார் அண்ணே. காற்று இல்லாமல் நண்டும் ஐஸுமாக மாற்றி மாற்றி வாய் வரைக்கும் அடுக்குகிறார், காலையில் அடைத்தது மறுநாள் மதியம் வரைக்கும் ஐஸோடு இருக்கிறது.